விறாந்தை தந்த மாமியில் தொடங்கி

அன்புள்ள எல்லோருக்கும்,

உளவளத்துணையாளராக வேலை தொடங்கி எனக்கு இந்த மாதத்தோடு பத்து வருடம். கோண்டாவிலில் தன் வீட்டு விறாந்தையையும் இரண்டு கதிரைகளையும் வாடகை வாங்காமல் தந்த மாமிக்குத்தான் முதல் நன்றி. யாராவது வந்தால் நாயைக் கட்டிவிட்டுப் பின்வளவுக்குப் போய்விடுவார். வந்தது யார், என்ன கதைத்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்தது அம்மாவின் நெஞ்சு நோ. இடம்பெயர்ந்த பிறகு வருடக்கணக்காக நித்திரை இல்லை, பெருமூச்சு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்றும் இல்லாமலா இப்படி நோகும் என்று அம்மா கேட்பார்.

அந்தக் கேள்விக்கு விடை தந்தவர்கள் எனக்குச் சீர்மியம், அதாவது உளவளத்துணை, படிப்பித்த ஆசிரியர்கள். எங்கள் சனம் துக்கத்தை உடம்பால்தான் சொல்லும், உடம்பிலிருந்தே தொடங்கு என்றார்கள். அவரவர் சமயத்தில் ஏற்கெனவே இருக்கிற செபத்தையும் தியானத்தையும், உடம்பைத் தளர்த்திப் படுக்கும் சாந்தியாசனத்தையும் யாழ்ப்பாணத்தில் சிகிச்சைக்குள் கொண்டுவந்த மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற முன்னோடிகளின் வழி அது.

ஆனாலும் தொடக்கத்தில் பிழை விட்டேன். மகனைத் தொலைத்த ஒரு அம்மாவை, நடந்ததைச் சொல்லுங்கோ என்று நெருக்கினேன். அவர் வருவதை நிறுத்திவிட்டார். மாமிதான் சொன்னார்: "பிள்ளை, முதல்ல அவவின்ர கைக்கு ஒரு வேலை குடு." வீடு தேடிப் போய்க் கூட்டிவந்தேன். இருவருக்கும் நடுவில் சுளகு, அதில் முருங்கையிலை. ஒவ்வொரு ஈர்க்காக உருவிக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள், இலையைப் பார்த்தபடியே, "அவனுக்கு இந்த வறை எண்டா உயிர்" என்றார். பிறகு நான் எதுவும் கேட்க வேண்டி வரவில்லை. இதை எழுத அனுமதி தந்த அந்த அம்மாவுக்கு என் வணக்கம்.

நித்திரை, சாப்பாடு, மூச்சு, கோயில், உறவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என் வழி. அதற்காக மருந்து வேண்டாம் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மருந்து தேவைப்பட்டவர்களை நான் அனுப்பியபோதெல்லாம் தாமதிக்காமல் பார்த்த மனநல வைத்தியர்களுக்கும், உடம்பு நோவுக்குப் பக்குவம் சொல்லித்தந்த கைதடிச் சித்த வைத்தியருக்கும் நன்றி.

இன்னொரு கடன் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது, நாங்களும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். மட்டுவிலில், முற்றத்தில் பெரிய பலாமரம் நின்ற வீட்டுக்காரர், முன்பின் தெரியாத எங்களுக்கு ஒரு அறையை ஒழித்துத் தந்தார்கள். அந்த வீட்டு ஆச்சி இரவில் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே தேவாரம் பாடுவார். அம்மா நித்திரை கொண்டது அப்போது மட்டும்தான். அண்மையில் தேடிப் போனேன், வீடும் இல்லை, மரமும் இல்லை. அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.