மன்றத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு நம்மை முழுக்க இழுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: சிலப்பதிகாரத்தை மேடையேற்றியது.

30 காதைகளையும் ஒரே மாலையில் நடித்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. நல்லவேளை, அந்த ஆசை சீக்கிரமே அடங்கியது. பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவியின் கெட்ட கனவில் தொடங்கும் வழக்குரை காதை ஒன்றே போதும் என்று முடிவானது.

பெரிய சண்டை பொற்கொல்லனை வைத்து. கொலைக்களக் காதையில் கோவலனைச் சிலம்பு திருடியவன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுப்பவன் அவன். ஆனால் கண்ணகி வழக்காடும் அவையில் அவன் இல்லவே இல்லை. "குற்றவாளி இல்லாமல் என்னய்யா வழக்கு? அவனையும் மேடைக்குக் கொண்டு வா" என்றது ஒரு கட்சி. சின்ன வயதிலிருந்து பழகியவர்கள் என்பதால் யாரும் யாரையும் விட்டுவைக்கவில்லை. எந்தக் காலத்து நாடகத்தில் யார் வசனத்தை மறந்து நின்றார் என்பதெல்லாம் வெளியே வந்தது. புதுப் பழக்கமாக இருந்தால் அன்றே கலைந்திருப்போம்; நம்மவர்கள் மறுநாளும் ஒத்திகைக்கு வந்து விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் பொற்கொல்லன் வரவில்லை. அதுதான் சரி என்பது என் கருத்து. அவன் வந்து நின்றால் பழியெல்லாம் அவன் தலையில் ஏறிவிடும், விசாரிக்காமல் தண்டித்த பாண்டியன் தப்பித்துவிடுவான். அப்புறம் "யானே கள்வன்" என்று அரசன் சொல்வதில் கனம் ஏது?

தோற்ற கட்சிக்கு வாயிலோன், அதாவது அரண்மனை வாயில் காவலன் வேடம் கிடைத்தது. வாசலில் நிற்பவள் கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று ஒவ்வொரு தெய்வமாக மறுத்துக்கொண்டே அவன் நடுங்குகிற இடம் இருக்கிறதே, அன்று அதிகம் கைத்தட்டல் வாங்கியது அதுதான். பேச்சு வசனத்துக்கு நடுவே அந்தப் பகுதியை மட்டும் மூலத்தில் இருப்பதுபோலவே சொல்ல வைத்தோம்.

அரங்கேற்று காதை சொல்லும் கணக்கில், அதாவது 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரத்தில் மேடை போடவும் ஒரு முயற்சி நடந்தது. கோல் என்பது 24 விரல். யாருடைய விரல் என்பதில் ஆளுக்கு ஓர் அளவு வந்ததால் இருக்கிற மேடையே போதும் என்று விட்டுவிட்டோம்.

சிலம்புதான் படுத்தி எடுத்தது. கண்ணகி உடைத்ததும் மாணிக்கப் பரல் அரசன் வாயருகே தெறிக்க வேண்டும். இரண்டு பாதிகளை மெழுகால் ஒட்டி, உள்ளே சிவப்புக் கண்ணாடி மணிகளைப் போட்டோம். ஒத்திகைகளில் எவ்வளவு ஓங்கி அடித்தும் பிளக்கவில்லை. மெழுகைக் குறைத்த பிறகு, நாடகத்தன்று பிளந்த வேகத்தில் மணிகள் முன்வரிசை வரை போயின. அரசன் மட்டும் தன் வாயில் பட்டதாகவே நடித்து முடித்தார்.

அடுத்த ஆண்டுக்கு மாதவியின் கதையை எடுக்கலாம் என்று இளைய உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை இன்றைய பொதுக்குழு முடிவு செய்யட்டும். வாயிலோனின் ஈட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனவர் தயவுசெய்து அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்