"தானாகவே பழுதாகிவிட்டது" என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கைதவறிக் கீழே விழுந்த போனையும், தண்ணீர் கொட்டிய லேப்டாப்பையும், ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் அளவுமீறி ஓட்டி, எரித்த கிராஃபிக்ஸ் கார்டையும் "ஒன்றும் செய்யவில்லை, தானாகவே பழுதாகிவிட்டது" என்று சொல்லி வாரண்டியில் மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலர் வேறெந்த விஷயத்திலும் பிறர் காசைத் தொடாதவர்கள் என்று எனக்குத் தெரியும். வாரண்டி என்று வந்தால் மட்டும் மனம் வேறு கணக்குப் போடுகிறது: "பெரிய நிறுவனம், அவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?" நிறுவனத்துக்கு அதிகம் குறையாது. வாரண்டிச் செலவுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி, அதையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள். அந்தப் பொய்யை நேரில் சுமப்பவர்கள் வேறு சிலர். அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில், உங்கள் கருவியைத் திறக்கும் டெக்னீஷியன். லித்தியம் பேட்டரி நசுங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். போன் பலமாக விழுந்தது என்று தெரிந்தால், அவர் முதலில் பேட்டரியைத்தான் பார்ப்பார். "விழவே இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால், சாதாரணமாகத்தான் பிரிக்கத் தொடங்குவார். உங்கள் ஒரு வரியை நம்பி ஒருவர் கையை வைக்கிறார். இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர். பல போன்களில் சிம் தட்டு நுழையும் இடத்தில் ஒரு சிறிய வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். ஈரம் பட்டால் சிவந்துவிடும். அது சிவந்திருந்தால் பல இடங்களில் அதற்குமேல் பேச்சே கிடையாது. கணினியின் மதர்போர்டைக் கொடுத்தால், பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் புகைப்படம் கேட்கிறார்கள். எல்.ஜி.ஏ. 1700 என்ற வகைச் சாக்கெட்டில் தலைமுடி போன்ற 1700 பின்கள். ஒன்று வளைந்திருந்தாலும் குற்றம் பொருளை வாங்கியவர் மேல்தான். உண்மையிலேயே தயாரிப்புக் குறையோடு வருபவரும் இந்தச் சந்தேகத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தேகத்தை வளர்த்ததில் பொய்க் கோரிக்கைகளுக்கும் பங்குண்டு. புதிய கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு, அதே பெட்டியில் செத்த கார்டை வைத்துத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். யாரும் சோதிக்காமல் விட்டால் அது அப்படியே இன்னொருவர் வீட்டுக்குப் போகும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. பழுதாகித் திரும்பி வரும் கருவிகளை வைத்துத்தான் வடிவமைப்பில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து கருவியே நின்றுபோன கோளாறு பரவலானபோது, புகார்கள் குவிந்த பிறகுதான், 2007 ஜூலையில் அந்நிறுவனம் அதற்கான வாரண்டியை 3 ஆண்டுகளாக நீட்டியது. 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. வாங்கியவர்கள் சொன்னது உண்மையாக இருந்ததால்தான் அது நடந்தது. நாம் போட்டு உடைத்ததையெல்லாம் "தானாக நின்றது" என்று அந்தக் குவியலில் சேர்த்தால், உண்மையான கோளாறு கண்ணில் படவே தாமதமாகும்.

"ஐ.பி.68 என்று விளம்பரம் செய்துவிட்டுத் தண்ணீருக்கு வாரண்டி இல்லை என்கிறார்களே, அது மட்டும் நேர்மையா?" என்று கேட்பீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஐ.பி. எண் என்பது கருவி தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடு. ஐ.பி.67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். 68-க்கு அதைவிடக் கடினமான அளவைத் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். சோதனை நல்ல தண்ணீரில், புதுக் கருவியில் நடக்கிறது. கடல்நீருக்கோ குளோரின் கலந்த நீருக்கோ அது உத்தரவாதம் அல்ல. சில விளம்பரங்களோ நீச்சல் குளத்தைக் காட்டின. தண்ணீரைத் தாங்கும் என்று இப்படித் தவறாக எண்ணவைக்கும் விளம்பரங்களுக்காக 2020-இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த விவகாரத்தில் நுகர்வோர் ஆணையம் நூற்றுக்கணக்கான புகார்களைப் பரிசீலித்திருந்தது. "தண்ணீரில் விழுந்தது, தாங்கும் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?" என்று கேட்டால் அது வழக்கு. "தண்ணீரே படவில்லை" என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தை நீங்களே விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள்.

கருவி கையை விட்டுப் போன வருத்தம் சிறியதல்ல. மாதக்கணக்கில் சேர்த்து வாங்கியதாக இருக்கலாம், புதிது வாங்க இப்போது வழியில்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அதையே சொல்லிக் கேளுங்கள்: கட்டணத்துக்குச் சரிசெய்ய முடியுமா, பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா, பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்களா என்று. விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அது இதற்காகத்தான் இருக்கிறது.

தண்ணீர் பட்டிருந்தால் ஆன் செய்யாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். கொட்டியது வெறும் தண்ணீரா, சர்க்கரை போட்ட காபியா, உப்புநீரா, எவ்வளவு நேரமாயிற்று என்று படிவத்தில் எழுதுங்கள். அது தெரிந்தால் டெக்னீஷியன் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே போர்டைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்வார். வாரண்டி கிடைக்காமல் போகலாம்; உள்ளே இருக்கும் உங்கள் படங்களும் கோப்புகளும் பிழைக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே கருவிகளை விலை கொடுத்து வாங்கும் ஒருவர்