18 ஆண்டுகள் காத்திருந்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

டிக்கெட் எடுக்க வேண்டாம். சின்னசாமி அரங்கில் மீண்டும் ஐபிஎல் ஆட்டம் நடக்கும்போது எனக்கும் சேர்த்து எடுக்கட்டுமா என்று நீ கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கு இதுதான் பதில். இவ்வளவு காலம் பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமல்ல. என் முடிவு என்ன என்று முதலில் எனக்கே தெளிவாக வேண்டியிருந்தது. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், நடுவில் அண்ணி மாட்டிக்கொள்வார். அதனால் எழுதுகிறேன். ஆர்சிபி (ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர்) அணியின் முதல் ஐபிஎல் கோப்பைக்காக உன்னைப் போலக் காத்துக் கிடந்தவர்கள் பெங்களூரில் லட்சக்கணக்கில் இருப்பதால் பொதுவிலேயே வைக்கிறேன். அவர்களும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றை எழுதாமல் விடுகிறேன். வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்த 2025 ஜூன் 4 அன்று மாலை நாம் எங்கே நின்றிருந்தோம், எப்படி வீடு வந்து சேர்ந்தோம் என்பது நம் இருவரோடும் இருக்கட்டும்.

குடும்பக் குழுவில் மறுநாள் உன் முகப்புப் படத்தைப் பற்றி நான் எழுதிய வரி உன்னைப் புண்படுத்தியது என்று அண்ணி சொன்னார். புண்பட்டதற்கு வருந்துகிறேன். ஆனால் அந்த வரியைத் திரும்பப் பெற மாட்டேன். பிணவறை வாசலில் பெற்றவர்கள் நிற்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நீ கோப்பையின் படத்தை முகப்புப் படமாக வைத்தாய். அது தற்செயல், முந்தைய இரவே மாற்றியது, என் கைப்பேசியில்தான் தாமதமாகத் தெரிந்தது என்று விளக்கினாய். அப்படியே இருக்கலாம். அப்படியானால் அதை உடனே எடுத்திருக்கலாமே?

"ஒரு நாளை வைத்து 18 வருடத்தை அழிக்காதே" என்றாய். அந்த 18 வருடங்களில் பாதிக்கு மேல் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் கணக்கே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. (நாள்காட்டிப்படி பார்த்தால் 2008 ஏப்ரலிலிருந்து 17 ஆண்டுகளும் சில வாரங்களும்தான், 18ஆவது பருவம் என்பதாலும் கோலியின் சட்டை எண் 18 என்பதாலும் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம்.) அப்பா ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை நாம் இருவரும் சேர்ந்து சிரித்துத் தள்ளினோம். இந்த ஊருக்குக் கோப்பையே வரவில்லை என்று யார் சொன்னது என்று கேட்பார். 15 ஆண்டுகள் தொடர்ந்து ரஞ்சிக் கோப்பையை வைத்திருந்த பம்பாயை 1974இல் அரையிறுதியில் வெளியேற்றி, பிறகு கோப்பையையும் வென்ற அணி கர்நாடகம். பிரசன்னா, சந்திரசேகர், விஸ்வநாத் ஆடிய அணி. அது பழங்கதை என்று நீ சொல்வாய். 2013-14, 2014-15 என்று அடுத்தடுத்து இரண்டு ரஞ்சிக் கோப்பைகளைக் கர்நாடகம் வென்றது பழங்கதை அல்லவே? கால்பந்தில் பெங்களூர் எஃப்சி 2014இலும் 2016இலும் ஐ-லீக் வென்றது, 2019இல் ஐஎஸ்எல் வென்றது. அதே 2019 ஜனவரியில் பெங்களூர் புல்ஸ் கபடிக் கோப்பையைத் தூக்கியது. இவை எதற்கும் நம் தெருவில் பட்டாசு வெடிக்கவில்லை. ஒரே ஒரு கோப்பைக்கு மட்டும் கோப்பை என்று பெயர் வைத்து, அது கிடைக்காத ஏக்கத்தையே அடையாளமாக அணிந்துகொண்டோம். அந்த ஏக்கம் சட்டையாகவும் விளம்பரமாகவும் நன்றாக விற்றது. "ஈ சலா கப் நம்தே" (இந்த முறை கோப்பை நமதே) என்று ஆண்டுதோறும் கத்தியதில் ஒரு சுகம் இருந்ததை நீ மறுப்பாயா? ஐந்து கோப்பை வைத்திருக்கும் சென்னைக்காரச் சித்தப்பா மகனுக்குக் கிடைக்காத சுகம் அது. தோல்விக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டிய பிறகு, அவன் கேலி செய்யச் செய்ய நமக்குப் பெருமைதான் கூடியது.

இப்படி எழுதும்போதே, சின்னசாமியில் ஐபிஎல் இறுதிப் போட்டி நடந்த 2016 மே 29 நினைவுக்கு வந்து கையைப் பிடிக்கிறது.

ஹைதராபாத் வைத்த 209 ரன் இலக்கு. நம் ஷேன் வாட்சன் தன் கடைசி ஓவரில் 24 ரன் கொடுத்திருந்தார். பென் கட்டிங் அடித்த சிக்சர் ஒன்று கூரையைத் தாண்டிப் போயிருந்தது. நீ அசரவில்லை. அந்தப் பருவத்தில் கோலி அடித்துக் குவித்த 973 ரன்களைப் பார்த்த எவரும் அசர மாட்டார்கள். கெய்லும் கோலியும் இறங்கிப் பத்து ஓவர் தாண்டியும் விக்கெட் விழவில்லை, 114 ரன். கெய்ல் 38 பந்தில் 76. நமக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், தன் மனைவியாக இருக்க வேண்டும், அவரிடம் கோப்பையுடன் வரப்போகும் ஊர்வலம் எந்தச் சாலையில் போகும் என்று கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நீ அப்பாவை அழைத்தாய். அந்த இரைச்சலில் அவர் சொன்னது உனக்குக் கேட்கவில்லை. எனக்கு மறுநாள்தான் தெரிந்தது: "கெய்ல் போனால் பார்" என்றாராம். கெய்ல் போனார். அடுத்து கோலி பவுல்டானபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். டிவில்லியர்ஸ் ஐந்து ரன்னில் வெளியேறியபோது பிடி இறுகி என் கண்ணாடி வளையல் இரண்டு நொறுங்கின. ஒரு சில்லு தோலில் ஏறி ரத்தம் கசிந்ததை நீ பார்க்கவில்லை; நானும் கையை எடுக்கவில்லை. ஆறு ஓவர்களில் எல்லாம் கரைந்து, 200இல் நின்றோம். எட்டு ரன்.

ஆட்டம் முடிந்தும் நீ எழுந்திருக்கவில்லை. ஊர்வலத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் திரும்பி, முன்பின் தெரியாத உன் தலையில் கை வைத்து, கன்னடத்தில் ஏதோ சொன்னார். நீ தமிழில் பதில் சொன்னாய். அவருக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது. பிறகுதான் என் கையைப் பார்த்தாய். உன் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, வீடு வரும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு நினைவிருப்பது அரங்கைவிட்டு வெளியேறிய விதம். நிரம்பி வழிந்த அரங்கு முழுவதும் அதே வாயில்கள் வழியாகத்தான் வெளியே வந்தது. யாரும் முண்டவில்லை. ஒரு சிறுவனின் செருப்பு கழன்றபோது பின்னால் வந்தவர்கள் நின்றார்கள், அவன் அதை மாட்டிக்கொள்ளும்வரை நின்றார்கள். உள்ளே அனைவருக்கும் இடம் இருந்தது, ஒவ்வொருவர் கையிலும் டிக்கெட் இருந்தது, அந்த வேறுபாட்டை அறிவேன். ஆனாலும் அந்தச் சிறுவனை மறக்க முடியவில்லை.

அந்த வாட்சனே இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைக்காக இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 117 அடித்தபோது நீ தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனது வேறு கதை.

அதே 2016 செப்டம்பரில் காவிரிக்காக இந்நகரில் பேருந்துகள் எரிந்த நாளில், நீ உன் சிவப்பு ஆர்சிபி சட்டையைத் தெருவைப் பார்த்த மாடிக் கொடியில் காயப்போட்டாய். அது துவைக்கப்படவே இல்லை. அதைப் பற்றி நாம் அன்றும் பேசவில்லை, இங்கேயும் இதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தச் சட்டை உனக்கு வெறும் விளையாட்டு அல்ல என்பது எனக்குத் தெரியும் என்பதற்காக மட்டும் குறிப்பிடுகிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் எந்த ஊர் என்று கேட்கப்படும் நம்மைப் போன்றவர்களுக்கு, முப்பதாயிரம் பேரோடு சேர்ந்து ஒரே முழக்கத்தை எழுப்ப முடிந்த இடம் அது ஒன்றுதான். அதனால்தான் உன்னிடம் என்னால் முழுதாகக் கோபிக்க முடிவதில்லை.

கோப்பை வென்ற ஜூன் 3 இரவை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு எண்ணமும் இல்லை. 2009 இறுதிப் போட்டியில் ஜோகன்னஸ்பர்கில் கும்ப்ளே 16 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தும் தோற்றது 6 ரன்னில். 2025இல் அகமதாபாத்தில் வென்றதும் 6 ரன்னில். க்ருணால் பாண்டியா நான்கு ஓவரில் 17 ரன் மட்டும் கொடுத்து ஆட்டத்தைத் திருப்பினார். கடைசி ஓவரில் பஞ்சாபுக்கு 29 ரன் வேண்டியிருக்க, பந்துகள் மீதி இருக்கும்போதே கோலியின் கண் கலங்கியது, நீயும் விம்மினாய். அண்ணி உன்னைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. நானும் அன்று அழுதேன்.

எனக்குப் புரியாதது அடுத்த நாளின் அவசரம். ஆட்டம் முடிந்தபோது நள்ளிரவு நெருங்கியிருந்தது. மறுநாள் பிற்பகலிலேயே சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவில் பாராட்டு, பிறகு அரங்கில் கொண்டாட்டம். அரங்கில் இருப்பவை சுமார் 35,000 இருக்கைகள். திரண்டவர்கள் இரண்டு மூன்று லட்சம் என்று முதலமைச்சரே பின்னர் சொன்னார். ஊர்வலம் உண்டா இல்லையா, அனுமதிச் சீட்டு வேண்டுமா வேண்டாமா என்று நேரத்துக்கு ஒரு செய்தி. வாயில்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், ஒருத்தி பள்ளிச் சிறுமி. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். யார் அனுமதி கேட்டார்கள், யார் கேட்கவில்லை, யார் எச்சரித்தார்கள் என்பதைச் சொல்ல விசாரணை ஆணையமும் நீதிமன்றமும் இருக்கின்றன. நான் பெயர் எடுக்க மாட்டேன். நான் கேட்பது உன்னை. 18 ஆண்டுகள் காத்திருந்தோம் என்று மார்தட்டிய நமக்கு, இன்னும் ஒரு வாரம் காத்திருப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது? அன்று காலை "இன்றைக்குப் போகாவிட்டால் எதற்கு இத்தனை வருடம்" என்று நீ சொன்னபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இத்தனை வருடம் என்ற அந்த ஒரு காரணம், ஒவ்வொருவரையும் வாயிலை நோக்கி இன்னும் ஓர் அடி நகர்த்தியது. இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் அணி நிர்வாகம் 25 லட்சம் ரூபாய் கொடுத்ததை நீ எனக்கு அனுப்பினாய், ஏதோ வழக்கு முடிந்தது போல. அன்றுதான் உன் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினேன்.

இனி நான் எழுதப்போவது உனக்கு அற்பமாகத் தோன்றலாம். காத்திருப்பு 2025 ஜூன் 3 அன்று முடியவே இல்லை, அண்ணா. அது 2024 மார்ச் 17 அன்றே முடிந்துவிட்டது. தில்லியில், தில்லி அணியின் சொந்த மைதானத்தில், ஸ்மிருதி மந்தனா தலைமையிலான நம் பெண்கள் அணி அதே சிவப்புச் சட்டையில், அதே பெயரில் மகளிர் பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. நான் உன் அறைக்கு ஓடி வந்தபோது நீ, "அது பெண்கள் கோப்பைதானே, பையன்கள் ஜெயிக்கட்டும், அப்புறம் கொண்டாடலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாய். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பதிவிலும் ஒரு கோப்பைகூட இல்லை என்றே எழுதிக்கொண்டிருந்தாய். நான் திருத்தவில்லை, திருத்தினால் சண்டை வரும் என்று இருந்துவிட்டேன். ஜூன் 4க்குப் பிறகு பெண்கள் உலகக் கோப்பையின் பெங்களூர் ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாற்றப்பட்டன. நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் அங்கே தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வீழ்த்தி முதல்முறையாக உலகக் கோப்பையை வென்றார்கள். ஆண்கள் வெற்றியின் கொண்டாட்டத்துக்கு விலையாகப் பெண்கள் ஆட்டத்தை இந்த ஊர் இழந்ததை நீ ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தாயா என்று அறிய ஆசை.

நான் கிரிக்கெட்டை விடவில்லை. சின்னசாமியில் பெண்கள் ஆட்டம் நடந்தால், வாயில்களில் என்ன மாற்றம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்பாவோடு போவேன். ஐபிஎல்லுக்கு வர மாட்டேன். என் இடத்துக்கு உன் நண்பர்களில் யாரையாவது அழைத்துக்கொள், எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதற்காக மாற மாட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த 2024 இறுதிப் போட்டியை முழுவதும் பார். தில்லி விக்கெட் இழக்காமல் 64 ரன் எடுத்திருந்த நிலையில் சோஃபி மொலினோ வந்து ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுப்பார். பிறகு ஸ்ரேயங்கா பாட்டில் 12 ரன்னுக்கு நான்கு பேரை அனுப்ப, 113இல் எல்லாம் முடிந்துவிடும். கடைசி ஓவரில் ரிச்சா கோஷ் அடிக்கும் பவுண்டரிவரை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு. இம்முறை அண்ணியிடம் சொல்லி அனுப்பாதே.

உன் தங்கை