வைத்திய கலாநிதி ராஜினி திரணகம நினைவாகப் பொது ஒன்றுகூடல் வெளி அமைக்கக் கோரும் மனு

செயலாளர்,
நல்லூர் பிரதேச சபை,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராகவும் மனித உரிமைச் செயற்பாட்டாளராகவும் விளங்கிய வைத்திய கலாநிதி ராஜினி திரணகம அவர்களின் பெயரில், திருநெல்வேலிப் பகுதியில் சபைக்குரிய காணியொன்றில் திறந்தவெளி ஒன்றுகூடல் இடமொன்றை அமைத்துத் தருமாறு இப்பிரதேச மக்கள் சார்பில் பணிவுடன் வேண்டுகின்றோம்.

இங்கிலாந்தின் லிவர்பூலில் மேற்படிப்பை முடித்த பின், வெளிநாட்டிலேயே தங்கிவிட வாய்ப்பிருந்தும், போர் சூழ்ந்த யாழ்ப்பாணத்துக்கே அவர் திரும்பி வந்தார். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதி காக்கும் படையின் நடவடிக்கை குடாநாட்டைச் சிதைத்த பின்னர், பாதிக்கப்பட்டோரை, சிறப்பாகப் பெண்களை, நேரில் சந்தித்து அவர்கள் சொன்னவற்றைப் பொறுமையாகக் கேட்டு எழுதினார். 1988 இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான அவர், மீறலை இழைத்தது இந்தியப் படையா, இலங்கை அரச படையா, தமிழ் ஆயுத இயக்கமா என்று பாராமல் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தார். சக விரிவுரையாளர்கள் மூவருடன் அவர் எழுதிய ‘முறிந்த பனை’ என்ற நூல் 1990 இல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1989 செப்டெம்பர் 21 அன்று, பணி முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியில், திருநெல்வேலியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. இரு சிறுமியரின் தாய்.

நாம் சிலை கேட்கவில்லை. பிறர் பேசுவதைக் கேட்பதையே தம் பணியாகக் கொண்டிருந்த ஒருவருக்கு, மனிதர் அமர்ந்து பேசும் இடமே பொருத்தமான மரியாதை என்பது எமது உறுதியான கருத்து. இன்று பெண்கள் அமைப்பொன்று கூட்டம் கூட வேண்டுமென்றால் வாடகை மண்டபம் தேட வேண்டும், இல்லையேல் எவரேனும் ஒருவரின் வீட்டு விறாந்தையை நாட வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வீதியோரத்து வெயிலில் அமர்ந்தே தம் துயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரிவுரை முடிந்து வரும் மாணவர்களுக்கோ தேநீர்க்கடை வாசலை விட்டால் வேறிடமில்லை.

நிற்கும் வேம்புகளை வெட்டாமல் அவற்றின் நிழலிலேயே வட்டமாகத் தாழ்ந்த சீமெந்து இருக்கைகளும், மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும், சக்கர நாற்காலி செல்லும் பாதையும், பெண்களுக்கான மலசலகூடமும், இருட்டிய பின்னும் அச்சமின்றி இருப்பதற்குப் போதிய மின்விளக்குகளும் அங்கு அமைய வேண்டும். சுற்றுமதிலோ பூட்டிய வாயிலோ வேண்டாம். பெயர்ப்பலகை மும்மொழியிலும் அமைந்து, அவரது பணியையும் அவர் கொல்லப்பட்ட நாளையும் மறைக்காமல் கூற வேண்டும். எக்கட்சிக்கும் எவ்வமைப்புக்கும் அவ்விடம் உரித்தாக்கப்படலாகாது. கூட்டம் நடத்த விரும்புவோரிடம் கட்டணம் அறவிடப்படவும் கூடாது.

இதற்கு மாற்றுக் கருத்துகள் எழக்கூடும் என்பதை அறிவோம். அவற்றையும் பகிரங்கக் கூட்டமொன்றில் கேட்டபின் முடிவெடுப்பதே முறையாகும். அதில் கலந்துகொள்ள நாமும் ஆயத்தமாக உள்ளோம்.

ஆகவே, இம்மனுவைச் சபையின் அடுத்த அமர்வில் சமர்ப்பித்து, பொருத்தமான காணியை அடையாளம் காண்பதற்கான கள ஆய்வுக்கு ஒழுங்குசெய்து, அதன் திகதியை எழுத்துமூலம் எமக்கு அறியத்தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
திருநெல்வேலி, கொக்குவில் பகுதி மக்கள்