‘மூளையில் தண்ணீர்’ என்று பொதுவாக எழுதவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுமை மறதி நோயைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் “மூளையில் தண்ணீர் சேர்ந்துவிட்டது” என்ற தொடர் அடிக்கடி வருகிறது. ஸ்கேன் அறிக்கையில் மூளையின் நீரறைகள் விரிந்துள்ளதாக இருந்தால் வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு வெவ்வேறு நோய்களை இந்த ஒரே தொடர் குறிப்பதுதான் சிக்கல். ஒன்றுக்கு அறுவை சிகிச்சை உதவக்கூடும், மற்றதற்கு உதவாது.

மூளைக்குள் நான்கு நீரறைகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் நீர் அங்கே ஊறுகிறது. ஊற ஊற அது இரத்தத்தில் கலந்துவிடுவதால், மூளையிலும் தண்டுவடத்திலும் சேர்ந்து இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். அல்சைமர் நோயில் முதலில் சுருங்குவது மூளைத்திசு. அது விட்ட இடத்தை நீர் நிரப்புகிறது, அவ்வளவே. நீர் வடியாமல் தேங்கி அறைகள் விரிவது வேறு நோய். ஹக்கீம், ஆடம்ஸ் ஆகிய மருத்துவர்கள் 1965ல் விவரித்த ‘இயல்பு அழுத்த நீர்த்தேக்கம்’ அத்தகையது.

ஸ்கேனில் இவற்றைப் பிரித்தறிய அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. முன் நீரறைகளின் அகலத்தை அதே படத்தில் மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுப்பது எவன்ஸ் குறியீடு. எடுத்துக்காட்டாக, 45 மில்லிமீட்டரை 135ஆல் வகுத்தால் 0.33. 0.3ஐத் தாண்டினால் விரிவு என்பார்கள். ஆனால் அல்சைமர் நோயாளிகள் பலருக்கும் இது 0.3ஐத் தாண்டும். அதனால் முகத்துக்கு இணையான வெட்டுப்படங்களைப் பார்க்கவேண்டும். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் மெலிந்து, அதை ஒட்டிய பொட்டுப்பகுதி நீரறை அகன்று, மூளையின் உச்சியிலுள்ள மடிப்புகளின் இடைவெளிகளும் விரிந்திருந்தால் சுருக்கத்தின் பக்கம் எடை கூடும். உச்சி மடிப்புகள் நெருங்கி அழுந்தி, இடவல நீரறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்குக் குறைந்திருந்தால் நீர்த்தேக்கத்தைச் சந்தேகிக்கவேண்டும்.

படத்தைவிட முந்திப் பேசுவது நடை. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் குட்டையான அடிகளாக எடுத்துவைப்பதும், சிறுநீரை அடக்க முடியாததும் மறதிக்கு முன்பே தொடங்கினவா? இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சந்தேகம் வலுத்தால் முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லிலிட்டர் நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நடையை நேரம் வைத்து அளப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். நடை தேறினால், நீரை வயிற்றுக்குள் வடிக்கும் குழாயைப் பொருத்துவது பற்றிப் பேசலாம். இரு நோயும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. அப்போது குழாயால் கிடைக்கும் பலன் குறையலாம்.

ஒரே ஒரு ஸ்கேன் ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். ஹிப்போகேம்பஸ் முதுமையில் இயல்பாகவே ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை விழுக்காடு சுருங்கும். அல்சைமரில் நான்கைந்து விழுக்காடு. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் விழுந்து தலையில் அடிபட்டபோது எடுத்த சிடி ஸ்கேன்கூட ஒப்பிட உதவும். அது வேறொரு மருத்துவமனையிலோ ஊரிலோ எடுத்ததாக இருந்தால் படங்கள் பதிந்த வட்டையும் அறிக்கையையும் தேடிக் கொண்டுபோங்கள்.

எம்ஆர்ஐ அன்று பெரியவருடன் பணிப்பெண்ணை மட்டும் அனுப்புவது நல்லதல்ல. இதயமுடுக்கி, மூளை இரத்தக்குழாய்க் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி இருக்கிறதா என்று அங்கே கேட்பார்கள். பணிப்பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு, சேலை மடிப்பின் ஊசி, செவித்துணைக் கருவி எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடவேண்டும். பாட்டி “ஊக்கைக் கழற்ற மாட்டேன்” என்று பிடிவாதம் பிடித்தால் வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது மேல். சத்தமும் நெருக்கமும் இருக்கும் என்று அவர் மொழியிலேயே முன்கூட்டிச் சொல்லுங்கள். பயந்து தலையை அசைத்தால் திசுவுக்கும் நீருக்கும் இடையிலுள்ள விளிம்பு கலங்கிவிடும், அளவுகளை நம்ப முடியாது.

இனி இத்தகைய செய்திகளில் ‘மூளை சுருங்கியதால் விரிந்த நீரறை’ என்றும் ‘நீர் தேங்கியதால் விரிந்த நீரறை’ என்றும் பிரித்தே அச்சிடுமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்