மூடுவதற்கு மூன்று நாள் எதற்கு? மொன்டானா மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மொன்டானா மாநில மீன், வனவிலங்கு, பூங்காத் துறையின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் ஆணைய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஜூலை வெயில் ஏறினால் ஜெஃபர்சன், பிக் ஹோல், கீழ் மாடிசன் ஆறுகள் சூடாவது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் ‘ஹூட் அவுல்’ (கூவும் ஆந்தை) விதியையும் உங்களுக்கே விளக்கத் தேவையில்லை. தண்ணீரின் அன்றாட உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது ஏறத்தாழ 22.8 செல்சியஸ், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது. காடு காய்ந்து கிடக்கும் கோடையில், தீப்பொறிக்குப் பயந்து ஆந்தை கூவும் விடிகாலையிலேயே வேலையை முடித்துக்கொண்ட மரவெட்டிகளிடமிருந்து வந்த பெயர் அது. ஆந்தை அலறினால் சகுனம் சரியில்லை என்று கதவைச் சாத்துகிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயரே போதும். உங்களுக்கு மட்டும் அது மூன்று நாள் அலற வேண்டியிருக்கிறது.

விதி நல்ல விதி. கேட்பது ஒன்றுதான்: அந்த மூன்று நாள் காத்திருப்பை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் 73ஐத் தொட்டால் மறுநாளே மூடுங்கள்.

அந்த மூன்று நாளில் ஆற்றுக்குள் என்ன நடக்கிறது? 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 23 டிகிரியில் அது 8.6 ஆகிவிடும். இது கடல் மட்டக் கணக்கு. ஜெஃபர்சன் கரையில் ட்வின் பிரிட்ஜஸ் ஊர் இருக்கும் 1,400 மீட்டர் உயரத்தில் அதிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். வரவு இப்படிச் சுருங்கும்போது செலவு கூடுகிறது. குளிர்நீர் மீனான டிரவுட்டுக்கு உடல் வெப்பம் என்பது தண்ணீரின் வெப்பம்தான். தண்ணீர் சூடானால் சும்மா நிற்பதற்கே அதற்குக் கூடுதல் மூச்சு வேண்டும். அதனால்தான் மீன்கள் ஆழமான மடுவை விட்டு, நுரைத்து ஓடும் சலசலப்பு நீருக்கும், குளிர்ந்த ஓடை வந்து கலக்கும் வாய்க்கும் நகர்ந்து கூட்டமாக ஒதுங்குகின்றன. பிழைப்பதற்காக ஒதுங்கிய அந்த இடங்களே தூண்டில்காரனுக்கு மிக வசதியான இடங்கள்.

அங்கே ஒரு 18 அங்குல பிரவுன் டிரவுட் கொக்கியில் மாட்டுகிறது என்று வையுங்கள். மெல்லிய 5எக்ஸ் தங்கூசி நரம்பானால் இழுத்துக் கரைசேர்க்க முடியாது, விட்டுப் பிடிக்க வேண்டும். நான்கைந்து நிமிடம் ஓடும். தசையில் லாக்டிக் அமிலம் சேரும். அதைக் கழுவ ஆக்சிஜன் வேண்டும், தண்ணீரில் அது போதாது. பிறகு படம் எடுக்க அரை நிமிடம் வெளியே. காற்றில் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்த அரை நிமிடமும் மூச்சே கிடையாது. விட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போகும். பார்ப்பவர் மனம் நிறையும். அந்த மீன் சில மணி நேரம் கழித்து, எங்கோ கீழே ஒரு பாறை இடுக்கில் சாகும்போது பார்க்க யாரும் இல்லை. ‘பிடித்தேன், விட்டேன், நன்றாகத்தான் போனது’ என்று ஒவ்வொருவரும் சொல்வது பொய்யல்ல. அவர்கள் கண்ட அளவுக்கு அது உண்மை. ஆகவே இதைத் தனிமனித மனச்சாட்சியிடம் விட முடியாது. விதிதான் வேண்டும்.

இனி உங்கள் எண்ணும் முறை. வெள்ளிக்கிழமை 74. சனிக்கிழமை 75. ஞாயிற்றுக்கிழமை 74. மூன்று நாள் ஆயிற்று, இனி அறிவிப்பு வரும். வார இறுதிப் படகுகளெல்லாம் வண்டியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, திங்கட்கிழமை ஆறு மூடப்படும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை இதைவிடத் துல்லியமாக ஓர் அரசாணையில் எழுத முடியாது. இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு நாள் 74. மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு ஒரு மேகம் குறுக்கே வந்து உச்சம் 72.5இல் நின்றுவிடுகிறது. ‘தொடர்ந்து’ என்ற ஒரு சொல்லால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பரமபதத்தில்கூடப் பாம்பு அவ்வளவு கீழே இறக்காது.

உச்சத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. பகலில் 73ஐத் தொட்டு, விடியலுக்குள் 60க்கு இறங்கும் ஆற்றில் மீன் இரவில் தேறிக்கொள்ளும். அதே 73ஐத் தொட்டு இரவிலும் 67க்குக் கீழே இறங்காத ஆற்றில் அதற்கு இளைப்பாற நேரமே இல்லை. உங்கள் விதிக்கு இரண்டும் ஒன்று. கீழ் மாடிசன் இதற்கு நல்ல உதாரணம். அகன்று ஆழமில்லாமல் கிடக்கும் என்னிஸ் ஏரி நாள் முழுதும் வெயில் வாங்கி, சூடான தண்ணீரையே கீழே அனுப்புகிறது. அளவுமானியும் மைல் கணக்கான ஆற்றுக்கு ஒன்று. அது நிற்கும் இடம் ஊற்று கலக்கும் குளிர்ந்த இடமானால், ஐந்து மைல் தள்ளி வேகும் மீனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தக் குறைகளையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்லவில்லை. இவ்வளவு குறையுள்ள அளவீட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பது எந்த நம்பிக்கையில் என்றுதான் கேட்கிறோம்.

பிற்பகலை விட்டுக்கொடுப்பது ஏன் வலிக்கிறது என்பதும் தெரிந்ததே. ஆகஸ்ட் காலையில் மீன் தின்னும் சின்னஞ்சிறு ட்ரைக்கோ பூச்சிகள் தண்ணீரில் விழுந்து ஓய்வதற்குள் பத்து, பதினொன்று ஆகிவிடும். அவற்றைப் போன்ற தூண்டிலால் மீன் பிடிப்பது நுணுக்கமான, பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெட்டுக்கிளி வடிவத் தூண்டிலுக்கோ வெயிலும் காற்றும் வேண்டும். நண்பகலுக்குப் பிறகு புல்வெளியிலிருந்து வெட்டுக்கிளிகள் ஆற்றில் விழும்போதுதான் பெரிய மீன் வாய் பிளந்து மேலே வரும். விருந்து அதே நேரத்தில்தான், ஆபத்தும் அதே நேரத்தில்தான். வாடிக்கையாளரைப் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளுக்கு அது நாள்கூலியில் பாதி. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் படகை ஐந்து மணிக்கு இறக்கி ஒரு மணிக்கு ஏற்றினால் அதே எட்டு மணி நேரம் வரும். காலை உணவை வாடிக்கையாளர் படகில் சாப்பிட வேண்டியிருக்கும். மொன்டானா அதைத் தாங்கும்.

உங்கள் அறிவுரைகள் அத்தனையும் சரி. கொக்கியின் எதிர்முள்ளை நசுக்குங்கள், தடித்த 3எக்ஸ் நரம்பு கட்டுங்கள், ரப்பர் வலையில் ஏந்துங்கள், மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காதீர்கள், வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். செய்கிறோம். முழங்கால் ஆழத்தில், ஓட்டமுள்ள இடத்தில், நிழலில் வெப்பமானியை இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்கிறோம். 68 வந்ததும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறோம். கிளம்பும்போது எதிரே நான்கு படகு இறங்குகிறது, சட்டப்படி. அறிவுரையைக் கேட்டவனுக்கு வீடு, கேட்காதவனுக்கு ஆறு.

பிக் ஹோலில் தீவனப்புல் பயிரிடும் பண்ணைக்காரர்கள் வறண்ட ஆண்டுகளில் தாமாக முன்வந்து பாசனத்துக்கு எடுக்கும் நீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிழைப்புக்கான தண்ணீரையே அவர்கள் விட்டுக்கொடுக்கும் ஆற்றில், பொழுதுபோக்குக்காக வருபவர்களின் இரண்டு பிற்பகலைக் காப்பாற்ற ஒரு விதி இருப்பது சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை.

உங்களால் வேகமாகச் செயல்பட முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2016 ஆகஸ்ட் 19 அன்று, ஒட்டுண்ணி நோயில் ஆயிரக்கணக்கான வொயிட்ஃபிஷ் மீன்கள் செத்து மிதந்தபோது, யெல்லோஸ்டோன் ஆற்றை 183 மைலுக்கு ஒரேயடியாக மூடினீர்கள். தூண்டில் மட்டுமல்ல, படகும் நீச்சலும்கூட. அதற்கு முந்தைய ஆண்டு ஓரிகன் மாநிலம் ஜூலை 18 முதல் தன் பெரும்பாலான ஆறுகளில் பிற்பகல் 2 மணிக்கு மேல் டிரவுட்டும், கடலுக்குப் போய்வரும் டிரவுட்டான ஸ்டீல்ஹெட்டும் பிடிப்பதை நிறுத்தியது. ஆறு ஆறாக நாள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. 1974இல், காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திய துணிச்சலும் இந்தத் துறையுடையதுதான். அதன் பொருளையும் நினைவூட்ட அனுமதியுங்கள்: இங்கே செத்த மீனுக்குப் பதில் லாரியில் வந்து இறங்காது. 2023 கணக்கெடுப்பில் பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி ஆறுகளின் சில பகுதிகளில் டிரவுட் எண்ணிக்கை பதிவுகளிலேயே அடிமட்டத்துக்குப் போனது. அதற்கு வெப்பம் ஒன்றே காரணம் என்று வாதிட வரவில்லை. உங்கள் கையில் உடனே இருக்கும் காரணம் இது.

குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். வேண்டுகோள் சிறியது. விதியில் ‘தொடர்ந்து மூன்று நாள்’ என்பதை ‘ஒரு நாள்’ என்று மாற்றுங்கள். மூன்று நாள் என்ற எண்ணின் மேல் பற்று இருந்தால், அதைத் திறப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் மூன்று நாள் குளிர்ந்திருந்தால் திற. படகுத் துறைகளில் அன்றைய உச்சத்தையும் விடியற்கால வெப்பத்தையும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை, உங்கள் இணைய அறிவிப்பு அங்கே எட்டாது. ஒரு கரும்பலகையும் சாக்குக்கட்டியும் போதும்.

ஆணையம் அடுத்து கூடும்போது இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆண்டுதோறும் உங்களிடம் உரிமம் வாங்கி ஆற்றில் இறங்குபவர்கள்