143 கேசட்டும் ஒரு கடன் டெக்கும்: நன்றி மடல்

அன்புள்ள சொந்தங்களுக்கும், சொந்தம் இல்லாமலே கூட நின்றவர்களுக்கும்,

வணக்கம். அப்பாவின் பழைய கேசட்டுப் பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை ஒரு வழியாக முடிந்தது. நேற்று ராத்திரி ஆச்சி கட்டிலில் படுத்தபடியே, "ஏட்டி, அந்தச் சிவாஜி பாட்டைப் போடு" என்றாள். போட்டேன். அடுத்து, "எம்ஜிஆரு பாட்டு" என்றாள். அதுவும் வந்தது. மூன்றாவது பாட்டுக்குள் தூங்கிவிட்டாள். இதற்குத்தான் பத்து மாதமாக உங்கள் எல்லோரையும் படுத்தி எடுத்தேன்.

மும்பை திலக் நகர் வீட்டை ரீடெவலப்மென்ட்டுக்காகக் காலி செய்தபோது பரணில் இருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் இறங்கியது பலருக்குத் தெரியும். அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகள், எண்ணிப் பார்த்தால் 143. அது போக தம்பியின் சிடிகள், நாலைந்து பென் டிரைவ், யாருடையது என்றே தெரியாத ஒரு ஹார்ட் டிஸ்க். "வாடகை வீட்டில் நமக்கே இடம் இல்லை, தூக்கிப் போடு" என்று சொன்ன என் வீட்டுக்காரருக்குத்தான் முதல் நன்றி. அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு ரோஷம் வந்திருக்காது. பெட்டியும் இன்னொரு பரணுக்குப் போயிருக்கும்.

மும்பை மழையில் முப்பது வருஷம் இருந்த கேசட் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாடா ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. எங்கள் பழைய டூ இன் ஒன்னில் முதல் கேசட்டைப் போட்டதும், சிரத்தையாக அதைத் தின்றுவிட்டது. அழாத குறையாக, குர்லாவில் மாறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி லாமிங்டன் ரோட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடைகளுக்கு நடுவில் மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் தின்னப்பட்ட கேசட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பெஹ்லே சாஃப் கரோ, பாத்மே ரோனா." முதலில் துடை, அழுவது அப்புறம். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, நாடாவில் இருந்து ஒலியைப் படிக்கிற ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைக்கக் கற்றுக்கொடுத்தார். நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்துகிற குட்டிக் கம்பளித் துண்டு உதிர்ந்து போன கேசட்டுகளை, ஸ்க்ரூ போட்ட வேறு கூட்டுக்குள் மாற்றவும் காட்டினார். பசை போட்டு ஒட்டின மலிவு கேசட்டை உடைக்காமல் திறக்க முடியாது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

பெரியவரே, இந்த எழுத்து உங்களுக்குப் படிக்க வராது. ஆனாலும் எழுதுகிறேன். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பச் சொன்னீர்களே, அதுவரை போர்வைக்குள் இருந்து பாடியது போல இருந்த டி.எம்.எஸ். சட்டென்று போர்வையை விலக்கிவிட்டு எதிரில் வந்து நின்றார்! ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டெக்கில் (கேசட் ஓட்டிப் பதிவு செய்கிற பெட்டி) பதிவானது, ஹெட்டின் சாய்மானம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்று நீங்கள் சொன்னதை அன்றைக்குத்தான் காதால் புரிந்துகொண்டேன்.

நல்ல டெக் கொடுத்தது மாடி வீட்டு காக்கா. (மராத்தியில் சித்தப்பா. நம்ம ஊர் காக்காயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆச்சி குழம்பித்தான் இருந்தாள்.) அவருடைய நாட்டியசங்கீத (மராத்தி நாடகப் பாட்டு) கேசட்டுகளுக்காகத் துணி மூடிப் பத்திரமாக வைத்திருந்த டெக் அது. "ஒரு வாரம்" என்று கேட்டு வாங்கினேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. ஒரு நாள்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை வந்து, எங்கள் வில்லுப்பாட்டைக் கால் மணி நேரம் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார்.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதில் குறுக்கு வழி கிடையாது. ஒரு பக்கம் 45 நிமிஷம் என்றால் 45 நிமிஷம் ஓடித்தான் ஆக வேண்டும். அந்த நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் கோடு சிவப்பைத் தொடுகிறதா என்று பார்த்த அண்ணன் மகனுக்கு நன்றி. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வருஷத்தில் இதைச் செய்ய விட்டதற்கு மைனிக்கு இரட்டிப்பு நன்றி. 90 நிமிஷக் கேசட் ஒன்று அப்படியே இறக்கினால் 900 எம்பியைத் தாண்டுகிறது. ஃபிளாக் என்ற கோப்பு வகைக்கு மாற்றினால் தரம் குறையாமல் பாதி அளவுக்கு வந்துவிடும். போனுக்கு மட்டும் எம்பி3. இதெல்லாம் அவன் சொன்னது, நான் தலையாட்டினது.

சிக்கல் பாட்டுக்குப் பெயர் வைப்பதில் வந்தது. தம்பியின் சிடி காலத்துப் பாட்டுகளில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கோழி கிளறியது போல இருந்தன. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு முறையில் அடித்த வினை. இங்கிலீஷில் இருந்ததோ இன்னும் மோசம்: இளையராஜா மட்டும் நாலு எழுத்துக்கூட்டலில் நாலு பேராக வந்து உட்கார்ந்திருந்தார். ஆறு பாட்டு உள்ள ஒரே படம், ஐந்து பேர் பாடியதால் ஐந்து ஆல்பமாகச் சிதறிக் கிடந்தது. பாடகரை வைத்துத்தான் பாட்டைத் தேடுவார்கள் என்று நினைத்து யாரோ செய்த ஏற்பாடு அது. நம் வீட்டில் யார் அப்படித் தேடுகிறார்கள்? அப்பாவுக்குப் படம், அத்தைக்கு இசையமைப்பாளர், ஆச்சிக்கு நடிகர். டி.எம்.எஸ். சிவாஜி, எம்ஜிஆர் இரண்டு பேருக்கும் பாடினார் என்று சொன்னால் ஆச்சி ஒத்துக்கொள்ளவே மாட்டாள். சிவாஜி பாட்டு சிவாஜி பாட்டுதான்.

பாட்டுக் கோப்போடு சேர்ந்த விவரக் கட்டங்களில், ஆல்பம் ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டதும் படங்கள் ஒன்று சேர்ந்தன. நடிகருக்கு என்று ஒரு கட்டமே இல்லை. குரூப்பிங் என்று சும்மா கிடந்த கட்டத்தில் நடிகர் பெயரைப் போட்டுக்கொண்டோம். யாருக்கு யார் வாயசைத்தார்கள் என்று எனக்கெப்படித் தெரியும்? தாராவி அத்தை, இந்த இடத்தில் உங்களை விழுந்து கும்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் 90 அடி ரோட்டில் இருந்து பஸ் ஏறி வந்து, பல்லவியில் முதல் இரண்டு சொல் கேட்டதுமே படம், நடிகர், எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தீர்கள் என்பது வரை சொன்னீர்கள். கடைசித் தகவலையும் கமென்ட் கட்டத்தில் ஏற்றிவிட்டோம். மாமாவுக்குத் தெரியாமல் பார்த்த அந்த இரண்டு படங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பாட்டின் ஒலியைக் கேட்டே பெயர் சொல்கிற பிக்கார்ட் என்ற மென்பொருளையும் முயன்றோம். பல பாட்டுகளைக் கண்டுபிடித்தது, ஆனால் படத்தை விட்டுவிட்டு ஏதோ ஒரு தொகுப்பின் பெயரைக் கொடுத்தது. வில்லுப்பாட்டுக்கு வாயே திறக்கவில்லை. அதற்குப் பெரியப்பா தேவைப்பட்டார்.

மேலே ஒன்றுமே எழுதாத எட்டு கேசட்டுகள் இருந்தன. போட்டால் முதலில் ஒரே இரைச்சல், அப்புறம் "தந்தனத்தோம் என்று சொல்லியே", வில்லில் கட்டிய மணிச் சத்தம், குடத்தில் விழும் அடி. நம் ஊர்க் கோயில் கொடை விழா என்பது புரிந்தது. எந்த வருஷம், யார் பாடியது, ஒன்றும் தெரியாது. திருநெல்வேலிக்குப் போன் போட்டுப் பெரியப்பாவிடம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனை வைத்துக் காட்டினோம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வீசுகோல் விழுகிற வேகத்தை வைத்தே புலவர் யாரென்று சொல்லிவிட்டார். 45 நிமிஷத்தை ஒரே துண்டாக விட்டுவிடலாமா என்று அண்ணன் மகன் கேட்டதற்கு, "ஏ மக்கா, கதைய வெட்டாம எப்படிலே தேடுவ?" என்று அதட்டி, காப்பு எங்கே முடிகிறது, வருபொருள் எங்கே, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்று வில்லுப்பாட்டின் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடத்தை மூன்று ராத்திரி போனிலேயே சொல்லிக் கொடுத்தார். இப்போது சுடலைமாடன் கதையில் வேண்டிய இடத்துக்கு நேராகப் போகலாம்.

வருஷத்தைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மறக்காது. நடு ராத்திரிச் சாமக்கொடைப் பூஜைக்கு முன்னால் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் நன்கொடை வாசிக்கிறார்கள். இன்னார் குடும்பம் 11 ரூபாய், இன்னார் 21, பம்பாய்வாழ் அன்பர்கள் 501, மண்டபத்துக்கு ஓடு மேய்ந்த வகைக்கு. "ஓடு மேஞ்சது எண்பத்தாறு" என்றார் பெரியப்பா. அந்த வாசிப்புக்கு நடுவில், மைக்கில் அல்ல, டேப்புக்குப் பக்கத்தில் ஒரு குரல்: "ஓடுதான்னு பாருட்டி, சக்கரம் சுத்துதா?" அப்பா. கேட்டது அம்மாவிடம். அம்மா சொன்ன பதில் விழவில்லை, ஒரு குழந்தை அழுகிறது. ஆறு மாதக் குழந்தை, நான்தான். அந்த இரைச்சலைச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டான் அண்ணன் மகன். கையை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் புலவர் இப்போது இல்லை. அவர் மகனுக்குப் பென் டிரைவில் போட்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போன சித்தப்பா கையில் கொடுத்தனுப்பினோம். தன் அப்பா பாடியதில் அவர்களிடம் ஒரு நிமிஷப் பதிவுகூட இல்லையாம். சித்தப்பா, அதைக் கொடுப்பதற்காக இரண்டு பஸ் மாறிப் போனதற்கு நன்றி.

இனி ஒரு மன்னிப்பு. ஆவணியில் ஒரு ராத்திரி, ஒரே பாட்டு பல தடவை இருக்கிறதே என்று (சூலமங்கலம் சகோதரிகளின் கவசம் மட்டும் ஏழு பிரதி) ஒரு மென்பொருளை ஓட்டிவிட்டேன். அது பெயர் ஒன்றாக இருந்தால் பாட்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது. சிடியில் இருந்து வந்தவை எல்லாம் "ட்ராக் 01", "ட்ராக் 02" என்றே இருந்ததால் ஒவ்வொன்றிலும் ஒன்றை விட்டுவிட்டு மிச்சம் அத்தனையும் போயே போய்விட்டது. அதில் தங்கச்சியின் அரங்கேற்றப் பாட்டும் சேர்த்தி. பெங்களூர் போகும்போது "சும்மா இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தாளே, அதுதான் காப்பாற்றியது. அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. நியாயமான திட்டு.

அன்றிலிருந்து மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறோம்: எங்கள் பழைய லேப்டாப்பில் ஒன்று, தாராவி அத்தை வீட்டு அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க், திருநெல்வேலியில் ஒன்று. லேப்டாப்பில் நேவிட்ரோம் ஓடுகிறது, அவரவர் இடத்தில் இருந்தே பாட்டைக் கேட்க வைக்கிற மென்பொருள். ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் அனுப்பியிருக்கிறேன். குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே யாருக்கும் கொடுக்க வேண்டாம். மாமா, உங்கள் கடவுச்சொல்லை மூன்றாவது தடவையாக மாற்றியிருக்கிறேன். தயவுசெய்து எழுதி வையுங்கள்.

காக்கா, டெக்கை இந்த ஞாயிற்றுக்கிழமை மேலே கொண்டுவந்து தருகிறேன். பெல்ட் புதிதாக மாற்றியாகிவிட்டது. உங்கள் நாட்டியசங்கீத கேசட்டுகளையும் இறக்கிவிடலாம் என்று அண்ணன் மகன் சொல்கிறான். அப்படியென்றால் டெக் இன்னும் ஒரு வாரம் கீழேயே இருக்கட்டுமா?

அன்புடன்,
திலக் நகர் வீட்டு மூத்தவள்